பந்தியில் பிறந்த சபை

மலாக்கா நகருக்குக் கல்விச் சுற்றுலா வரும் மாணவர் முதலில் காண்பது செந்நிறத் தேவாலயம் ஒன்றை. ஒல்லாந்தர் 1741-இல் தொடங்கி 1753-இல் கட்டி முடித்த கிறைஸ்ட் சர்ச் அது. அதன் பின்னுள்ள குன்றில் ஏறினால், கூரையிழந்து நிற்கும் புனித பவுல் ஆலயம். மறுபுறம் இறங்கினால், போர்த்துகீசியர் கோட்டையின் எஞ்சிய வாயில். இம்மூன்றையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடிக்கும் மாணவன் உள்ளத்தில் ஒரு முடிவு தானே ஊன்றிவிடுகிறது: கிறித்தவம் கல்லும் பீரங்கியுமாய் வந்து இறங்கிய சமயம், கட்டடம் முன், மக்கள் பின். ஆனால், அத்தேவாலயத்தின் செந்நிறங்கூடப் பழையதன்று. 1911-ஆம் ஆண்டில் பூசப்பட்டது அது. அதற்கு முன் ஆலயம் வெண்ணிறமாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது என்பதற்கு அச்சுவரே சான்று.

கிறித்தவத்தின் தொடக்க வரலாறு மாணவனுடைய முடிவைத் தலைகீழாக்குகிறது. முதல் இருநூறு ஆண்டுகளில் கிறித்தவர் தமக்கெனக் கோயில் எழுப்பினர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அவர்களுக்கு இருந்தவை சில வீடுகளும், அவ்வீடுகளில் கூடி உண்ட ஓர் உணவும் மட்டுமே. நாம் 'சபை' என்று வழங்குவதைக் கிரேக்கர் 'எக்லேசியா' என்றனர். ஊர்மக்கள் கூடும் அவைக்குரிய சொல் அது. அதுவே போர்த்துகீசிய மொழியில் 'இக்ரேஜா' ஆயிற்று. போர்த்துகீசியரிடமிருந்து மலாய்மொழிக்கு வந்து 'கெரேஜா' ஆயிற்று. இன்று மலாக்காவில் 'கெரேஜா' என்றால் கட்டடம். தொடக்கத்தில் அச்சொல் கூடியிருந்த மக்களையே குறித்தது.

உரோமை ஆளுநன் பிலாத்துவின் காலத்தில், ஏறத்தாழக் கி.பி. 30-இல், இயேசு எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டார். அவர் பேசியது அரமேய மொழி; அவர் எழுதிவைத்த நூல் எதுவும் இல்லை. அவருடைய சீடர் அனைவரும் யூதர். அவர் இறந்த பின்னரும் அச்சீடர் எருசலேம் ஆலயத்திற்கே சென்று தொழுதனர். புதிய சமயம் ஒன்றைத் தோற்றுவிக்கிறோம் என்னும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சிலுவையில் மாண்டவர் உயிர்த்தெழுந்தார், அவரே மெசியா என்ற நம்பிக்கைதான் அவர்களைப் பிற யூதரினின்றும் வேறுபடுத்தியது. அந்நம்பிக்கையைச் சுமந்துகொண்டு சிலர் வடக்கே அந்தியோக்கியா நகருக்குச் சென்றனர். 'கிறித்தவர்' என்னும் பெயர் முதன்முதல் வழங்கியது அந்நகரில்தான். யூதரல்லாத கிரேக்கரும் அங்குச் சபையிற் சேர்ந்தனர். சேர்ந்த உடனே வந்தது சிக்கல்.

அச்சிக்கல் கடவுட்கொள்கை பற்றியதன்று, பந்தி பற்றியது. யூதர் தம் உணவு விதிகளின்படி யூதரல்லாதாரோடு அமர்ந்து உண்ணத் தயங்கினர். பேதுரு அந்தியோக்கியாவுக்கு வந்தபோது கிரேக்கரோடு சேர்ந்தே உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அப்பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார். கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய மடலில் தாமே பதிவும் செய்தார். தமிழ் மாணவர்க்கு இப்பூசலை விளக்க வேண்டிய தேவையே இல்லை. யார் வீட்டில் கை நனைப்பது, யாரோடு சரிசமமாக அமர்வது என்னும் கேள்வியின் கனம் அவர்களுக்கு நன்கு தெரியும்.

கொரிந்து நகரில் அதே பந்தி வேறு வடிவில் பிளந்தது. அங்கே செல்வர் முன்னரே வந்து தம் உணவைத் தாமே உண்டு களித்தனர். உழைத்துக் களைத்த ஏழையர் பசியோடு நின்றனர். பவுல் சினந்து எழுதினார். கி.பி. 55-ஐ ஒட்டி எழுதப்பெற்ற அம்மடலிலேதான், இயேசு தம் இறுதி இரவில் அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துச் சொன்னவை முதன்முதல் எழுத்தில் பதிவாகியுள்ளன. நற்செய்தி நூல்கள் நான்கும் அதற்குப் பிற்பட்டவை. திருவிருந்தைக் குறிக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று ஏதோ ஒரு தத்துவ நூலில் இல்லை. பந்தி வழக்கொன்றைத் தீர்க்க எழுதிய கடிதத்தில் உள்ளது. சடங்கு எங்கிருந்து பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி வேறில்லை.

இக்கூட்டங்களுக்கு வீடு தந்தவர் யாவர்? பிலிப்பி நகரில் கருஞ்சிவப்புத் துணி விற்ற லீதியாள். உரோமையிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்தில் கூடாரம் தைத்துப் பிழைத்த பிரிஸ்கில்லாளும் அவள் கணவன் ஆக்கிலாவும். தொழில் செய்வோர், வணிகர், அடிமைகள், பெண்கள் எனச் சபை நிறைந்திருந்தது. கி.பி. 112-ஐ ஒட்டிச் சின்ன ஆசியாவில் ஆளுநனாயிருந்த பிளினி, பேரரசன் திராஜானுக்கு எழுதிய கடிதம் இதனை உறுதிசெய்கிறது. கிறித்தவரைப் பற்றிய உண்மையை அறிய அவன் சித்திரவதை செய்த இருவரும் அடிமைப் பெண்கள். அச்சபையில் பணிப்பொறுப்பு உடையவர்கள். அவன் திரட்டிய செய்தி இது: குறித்த நாளில் விடியுமுன் கூடுகின்றனர், கிறித்துவைக் கடவுளாகப் பாடுகின்றனர், திருடோம், வாக்குப் பிறழோம் என உறுதி எடுக்கின்றனர், பின்னர் மீண்டும் கூடி எளிய உணவு உண்கின்றனர். பேரரசின் அதிகாரி ஒருவன் கண்ட குற்றம் இவ்வளவே.

சடங்குகள் எத்துணை நெகிழ்வாயிருந்தன என்பதற்குப் 'பன்னிரு திருத்தூதர் போதனை' என்னும் சிறுநூல் சான்று. நெடுங்காலம் மறைந்து கிடந்த அதன் கையெழுத்துப்படி 1873-இல் கான்ஸ்டாண்டினோபிளில் கண்டெடுக்கப்பட்டது. ஓடும் நீரில் முழுக்காட்டுக. ஓடும் நீர் இல்லையேல் வேறு நீரில். குளிர்ந்த நீர் ஆகாதெனில் வெந்நீரில். அதுவும் போதாதெனில் தலையில் மும்முறை ஊற்றுக என்கிறது அது. வறண்ட ஊர்களையும் நோயாளரையும் நன்கறிந்த ஒருவர் எழுதிய விதி அது. கி.பி. 155-ஐ ஒட்டி உரோமையில் எழுதிய யுஸ்தீன் காலத்தில் ஞாயிறு வழிபாட்டுக்கு ஓர் ஒழுங்கு அமைந்துவிட்டது. திருத்தூதர் நினைவுக்குறிப்புகளை நேரம் இடங்கொடுக்கும் அளவு வாசித்தல், தலைவர் உரை, மன்றாட்டு, அப்பமும் கிண்ணமும், வாராதோர் வீட்டுக்கு அவற்றைக் கொண்டுசெல்லுதல், கைம்பெண்டிர்க்கும் அனாதைகட்கும் சிறைப்பட்டோர்க்கும் காணிக்கை திரட்டுதல் என அவ்வொழுங்கு விரிகிறது.

யூபிரத்தீசு ஆற்றங்கரையில் தூரா யூரோப்போஸ் என்னும் எல்லையூர் ஒன்று இருந்தது. கி.பி. 256-இல் பாரசீகர் அதனை அழித்தனர். 1930-களில் மண்ணை அகழ்ந்தோர் அங்கொரு சாதாரண வீட்டைக் கண்டனர். அவ்வீட்டின் ஓர் அறையில் முழுக்குத்தொட்டியும் சுவரோவியங்களும் இருந்தன. மற்றொரு புறத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக ஆக்கியிருந்தனர். கூட்டம் பெருகியது, சுவர் போயிற்று. கிறித்தவ வழிபாட்டிடமாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கட்டடம் அவ்வீடே.

இதற்குப் பின் நிகழ்ந்தவை பாடநூல்கள் யாவும் கூறுவனவே. 313-இல் கான்ஸ்டன்டைன் உரிமை வழங்கினான். 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி நம்பிக்கை அறிக்கையை வகுத்தனர். 367-இல் அத்தனாசியு எழுதிய மடலில் புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூல்களும் ஒரே பட்டியலாக முதன்முதல் காணப்படுகின்றன. பட்டியலும் அறிக்கையும் வருமுன்னரே முந்நூறு ஆண்டுக்காலம் மக்கள் கூடினர், உண்டனர், பாடினர் என்பதே இங்குக் கருதத் தக்கது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். அரமேயத்தில் பேசப்பட்டது கிரேக்கத்தில் எழுதப்பட்டது. பெயர்க்க மனம் வாராத சில சொற்கள் மட்டும் அப்படியே தங்கின. 'ஆமென்', 'அல்லேலூயா' என்பன எபிரேயம், 'மாரநாதா' அரமேயம், தந்தையை அழைக்கும் 'அப்பா' என்பதும் அரமேயமே. இதைக் கேட்டதும் தமிழ் வகுப்பில் ஒரு மகிழ்ச்சி எழும். ஒலியொப்புமை ஒன்றைக் கண்டவுடன் உறவு கட்டிவிடுதல் ஆய்வாகாது என்பதை ஆசிரியர் அங்கேயே சொல்லிவிடுதல் நன்று. குழந்தை வாயில் எளிதில் வரும் ஒலிகள் பல மொழிகளில் தந்தைக்கும் தாய்க்கும் பெயராதல் இயல்பு.

மொழி மாறும்போது சமயம் மறுபடியும் உருவாக வேண்டியிருக்கிறது. தமிழில் அது நிகழ்ந்த இடம் முத்துக்குளித்துறை. முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய பூசலில் போர்த்துகீசியர் பாதுகாப்பை நாடி, 1535 முதல் 1537 வரை பரதவர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். பெயர்கள் மாறின, நம்பிக்கை இன்னதென விளக்கத் தமிழறிந்தார் எவரும் உடன் இல்லை. 1542-இல் பிரான்சிஸ் சேவியர், தமிழ் மக்கள் வாயில் சவேரியார், அக்கரைக்கு வந்து சேர்ந்தார். இருமொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைத் திரட்டிச் சொல்லிக்கொடுத்தார். அம்மொழிபெயர்ப்பில் ஒரு பிழை. நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நின்றது. 1544-இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில் சவேரியார் அதைத் திருத்தச் சொன்னார். விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை அவ்விடத்தில் வைக்கச் செய்தார். ஒரு சமயத்தின் மையச் சொல்லே முதலில் தவறி, பின்னர்த் திருந்தியது. மொழிபெயர்ப்பு வகுப்புக்கு இதனினும் சிறந்த பாடம் அரிது.

1554-இல் லிஸ்பன் நகரில் தமிழர் மூவர் துணைகொண்டு ஒரு செபநூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்து உரோமன். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூலுக்கு 1578 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' அது. இந்திய மொழியொன்றின் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூலும் அதுவே. பின்னர் மதுரையில் தத்துவபோதகர் என்னும் நோபிலி, 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர், தரங்கம்பாடியில் சீகன்பால்கு எனப் பலர் வந்தனர். ஒவ்வொருவரும் சொற்களைத் தேடினர், விட்டனர், மாற்றினர். சிலுவை சிரியாக்கிலிருந்து வந்தது. பாதிரி போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. கத்தோலிக்கர் தூய ஆவியை நெடுங்காலம் 'இஸ்பிரீத்து சாந்து' என்று போர்த்துகீசியப் பெயராலேயே அழைத்தனர். பவுல் என்னும் பெயருக்குச் சிறியவன் என்பது பொருள் என்றறிந்து அவரைச் 'சின்னப்பர்' ஆக்கினர். 'யோவான்' என்பதன் பொருளில் இறையருள் இருத்தலால் 'அருளப்பர்' என்றனர். இறைவனுக்கோ சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் எனப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மாறி வந்தன. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு விவாதம் இருந்தது.

மலாக்காவின் கதை இத்தமிழ்க்கரையோடு இணைவது 1545-இல். போர்த்துகீசியர் 1511-இல் நகரைக் கைப்பற்றியபோது இங்குத் தமிழ் வணிகர் செல்வாக்கோடு வாழ்ந்தனர். அவருள் ஒருவரான நீனா சத்து என்பாரைப் போர்த்துகீசியர் பெண்டஹாராவாக அமர்த்தினர். அவர் இறுதிவரை இந்துவாகவே இருந்தார். 1514-இல் பதவி பறிபோன இழிவு தாங்காது தீப்பாய்ந்து மாண்டார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியரே எழுதியுள்ளனர். ஆட்சியின் பக்கம் நின்றவரெல்லாம் ஆட்சியாளரின் சமயத்தை ஏற்றனர் என்பது பிழை. மலாக்காச் செட்டிகள் மலாய் பேசியும் இன்றளவும் சைவராயிருத்தல் கண்கூடு.

1545 செப்டம்பரில் மயிலாப்பூரிலிருந்து வந்த சவேரியார் மலாக்காவில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். முத்துக்குளித்துறையில் கையாண்ட முறையையே இங்கும் கையாண்டார். மணி, தெரு, சிறுவர், மனப்பாடம் எல்லாம் அதுவே. மொழி மட்டும் மலாய். செபங்களை மலாயில் பெயர்க்க இங்கேயும் இருமொழியாளரை நாடினார். 1552-இல் சீனக் கரையோரம் அவர் இறந்தபின், அவர் உடல் 1553-இல் இக்குன்றின்மேல் ஆலயத்தில் சில மாதம் கிடந்து, பின்னர்க் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

1641-இல் ஒல்லாந்தர் மலாக்காவைப் பிடித்தனர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குன்றின் ஆலயம் கைமாறியது. போர்த்துகீசிய வழிவந்த மக்கள் வீடுகளிலும் நகருக்கு வெளியே காட்டோரங்களிலும் கூடினர். மறைவாக வந்துபோகும் குருக்களை எதிர்பார்த்திருந்தனர். குரு இல்லாத காலத்தில் பொதுநிலையினரின் சகோதரக் கழகமே திருநாட்களைக் காத்தது. 1710-இல் தடை தளர்ந்து புனித இராயப்பர் ஆலயம் எழும் வரையில் ஏறத்தாழ எழுபது ஆண்டு கடந்தது. பீரங்கியோடு வந்ததாகக் கருதப்படும் சபை, பீரங்கி தன்னை விட்டு நீங்கிய பிறகுதான் ஆதிச்சபையின் வடிவத்தை அடைந்தது.

அந்தியோக்கியாவின் பந்திப்பூசல் தமிழரிடையே மீண்டும் தலைதூக்கியது. தஞ்சையிலும் திருச்சியிலும் கிறித்தவர் சாதிவாரியாக அமர்ந்தனர். திருவிருந்தின் ஒரே கிண்ணத்தை யார் முதலில் அருந்துவது என்பதற்கும் வரிசை இருந்தது. 1833-இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமென ஆணையிட்டார். பலர் வெளியேறினர். தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே அவ்வாணையை எதிர்த்து எழுதினார். புலமை வேறு, பந்தி வேறு என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. அதே வில்சன் 1838-இல் மலாக்கா வந்து, ஒல்லாந்தர் கட்டிய ஆலயத்தை ஆங்கிலிக்க முறைப்படி நேர்ந்தளித்தார். மாணவர் இன்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் செந்நிற ஆலயம் அதுவே. பின்னாளில் அங்குத் தமிழ் வழிபாடும் நிகழ்ந்தது.

கத்தோலிக்கரும் இதில் பின்தங்கியவரல்லர். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்திற்குப் பீடம் ஒன்று, கூடம் இரண்டு. ஒரு சாதியார் மறு சாதியாரைக் காணாவாறு நடுவே சுவர் நின்றது. 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. தூராவின் வீட்டில் யாரும் வழக்காடாமல் இடித்த சுவரை, இங்கு இடிக்க முப்பத்தெட்டு ஆண்டு ஆயிற்று.

அச்சுவர் நின்றுகொண்டிருந்த காலத்தில்தான் மலாக்காவில் ரப்பர் கன்று ஊன்றப்பட்டது. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் தொடங்கிய பயிர், சில ஆண்டுகளில் புக்கிட் அசகானுக்குப் பரவியது. கங்காணிகள் வழித் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கப்பலேறினர். அவருள் கிறித்தவர் சிறுபான்மையர். மலாயாத் தோட்டங்களில் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனி லயம் ஒதுக்கும் வழக்கமும் அவர்களோடு கப்பலேறிற்று. ஆயினும் தோட்டத்துச் சிற்றாலயத்தில் இரண்டு கூடம் கட்டுவதற்குப் பலகையும் இல்லை, ஆளும் இல்லை. அத்தாப்புக் கூரையோ தகரக் கூரையோ வேய்ந்த ஒரே அறை. மாதத்தில் ஒருமுறையோ அதனினும் அரிதாகவோ குரு வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் அல்லது மூத்தவர் ஒருவர் முன்னின்று செபமாலை சொல்லுவிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளி, பாட்டன் வாயில் கேட்ட மந்திரங்களைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான்.

1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் இலத்தீன் பூசை தமிழ்த் திருப்பலியாயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, சம்மனசு வானதூதராயிற்று, இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியாயிற்று. தனித்தமிழ் உணர்வு கொண்டவர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால், நானூறாண்டு வாய்மொழியாய் நின்ற சொற்களை அடுத்த ஞாயிறே விட்டுவிடச் சொன்னபோது முதியோர்க்கு நேர்ந்த இழப்பையும் மொழியாசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் கலைந்தன. மக்கள் மலாக்கா நகரையும் ஜாசின், அலோர் காஜா போன்ற ஊர்களையும் நோக்கி நகர்ந்தனர். நகர ஆலயங்களில் தமிழ் வழிபாடு தொடர்கிறது. பாடுவோருள் தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாத இளையோரும் உண்டு. அவர்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்ட வராது. ஆகவே, அவர்கள் கையிலுள்ள பாட்டுத்தாளில் மொழி தமிழ்; எழுத்து, 1554-இல் லிஸ்பன் நகரில் அச்சான அச்செபநூலில் இருந்தது போலவே, உரோமன்.